ரெண்டும் ஒரே கை: நவோதயா படக் கேள்விக்கு ரெண்டு பிள்ளைங்க தயாரான கதை

2024 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை என் அக்கா பொண்ணு 40 படக் கேள்வி எழுதினா, 17 சரி. எதிர்வீட்டு பையனும் அதே 40ஐ எழுதினான், 22 சரி. ரெண்டு பேரும் அப்போ அஞ்சாங்கிளாஸ், காரைக்கால் பக்கம் ஒரு கிராமத்து ஸ்கூல், அடுத்த ஜனவரில ரெண்டு பேருக்கும் நவோதயா என்ட்ரன்ஸ். அஞ்சு மாசம் நாங்க என்ன பண்ணோம், எது வேலை செஞ்சுது, எங்க நான் தப்பு பண்ணேன்னு முழுசா எழுதி வைக்கறேன், ஏன்னா இந்த வருஷமும் தெருவுல மூணு பிள்ளைங்க அப்ளை பண்ணப் போறாங்க, அவங்க வீட்டுல கேக்கறதுக்கெல்லாம் வாயால சொல்லி முடியல.

தெரியாதவங்களுக்கு முதல்ல தேர்வு பத்தி. நவோதயாங்கறது மத்திய அரசு நடத்தற, தங்கிப் படிக்கற ஸ்கூல். தமிழ்நாட்டுல அது கிடையாது, ஆனா புதுச்சேரில உண்டு, காரைக்கால்லயும் ஒண்ணு இருக்கு. ஆறாம் வகுப்புக்கு எடுக்கற தேர்வு 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மார்க். அதுல பாதி, அதாவது 40 கேள்வி 50 மார்க், மனத்திறன் பகுதி. முழுக்க முழுக்க படம்தான், படிக்கறதுக்கு ஒரு வரி இல்ல. மீதி கணக்குல 20 கேள்வி, மொழில 20 கேள்வி, தலைக்கு 25 மார்க். படக் கேள்வி 10 வகை, ஒவ்வொண்ணுலயும் 4. பொருந்தாத படம், அதே மாதிரி படம், விட்டுப்போன பகுதி, தொடர், ஒப்புமை, முக்கோணம் சதுரம் வட்டத்தை முழுசாக்கறது, கண்ணாடி பிம்பம், காகிதத்தை மடிச்சு ஓட்டை போடறது, துண்டுகள சேத்துப் பாக்கறது, பெரிய படத்துக்குள்ள மறைஞ்சிருக்கற சின்னப் படம். நெகட்டிவ் மார்க் இல்ல. ஒரு பிள்ளை ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும், ரெண்டாவது வாய்ப்பு கிடையாது, இந்த ஒரு விஷயம்தான் வீட்ல எல்லாரையும் பதற வைக்குது.

பாப்பா (அக்கா பொண்ண அப்படித்தான் கூப்பிடுவோம்) அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஒரு கோச்சிங் போனா. எந்த இடம்னு வேணாம். வாரத்துக்கு மூணு மாதிரித் தாள், எழுதி முடிச்சதும் விடைய போர்டுல எழுதிப் போடுவாங்க, தப்புன்னா அடிச்சிட்டு சரியானத எழுதிக்கணும். ரெண்டு மாசத்துல இருவது தாளுக்கு மேல எழுதியிருக்கா. ஏன் அந்த விடைய போட்டேன்னு ஒரு தடவை கூட யாரும் அவள கேக்கல. அந்த நோட்டுப் பூரா சிவப்பு மையா இருந்ததப் பாத்தப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, ஏன்னா கணக்குல கில்லி மாதிரி இருக்கற பொண்ணு, "மாமா எனக்கு படம்லாம் வராது, மூளை இல்ல"ன்னு சொல்லிச்சு. பத்து வயசுல.

அதனால முதல் வேலையா புது தாள் குடுக்கறத நிறுத்திட்டேன். அந்த 40லயும் தப்பான 23 கேள்விய எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் அவ எந்த விடைய தேர்ந்தெடுத்தான்னு மட்டும் ஒரு நோட்டுல வரிசையா எழுதினேன். மார்க் எவ்ளோங்கறத விட்டுட்டு எந்த மாதிரி தப்புன்னு பாக்கறதுதான் நோக்கம். எழுதி முடிச்சதும் ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கண்ணாடி பிம்பத்துல நாலுக்கு பூஜ்யம், ஓட்டை போடறதுல நாலுக்கு பூஜ்யம், அதே மாதிரி படம் கண்டுபிடிக்கறதுல நாலுக்கு ஒண்ணு. இது வகை. அதுக்கும் மேல, 23 தப்புல 9 இடத்துல அவ தேர்ந்தெடுத்தது சரியான படத்த இடவலமா பெரட்டிப் போட்ட படம். தொடர், ஒப்புமை, மறைஞ்ச படம், எல்லாத்துலயும் இது பரவியிருந்துச்சு. அதாவது பத்து வகைல பத்து குறை இல்ல, பெரும்பாலும் ஒரே விஷயம்தான் பல இடத்துல வேஷம் மாத்திக்கிட்டு வருது.

பையனோட நோட்டு வேற கதை சொல்லிச்சு. அவனோட 18 தப்புல 13, ஏ இல்லனா பி. சி, டி வரைக்கும் அவன் கண்ணே போகல. கொஞ்சம் ஒத்துப்போற படம் கண்ணுல பட்ட உடனே போட்டுடறான். 40 கேள்விய 26 நிமிஷத்துல முடிச்சிட்டு கை கட்டி உக்காந்திருந்தான். இவனுக்கு படம் நல்லாவே தெரியுது, நிக்கத்தான் தெரியல. இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே தாளக் குடுத்து ஒரே மாதிரி சொல்லிக்குடுத்தா யாருக்குப் பிரயோஜனம்?

பாப்பா விஷயத்துக்கு வரேன், அதுலதான் நான் ரொம்ப நாள் முட்டி நின்னேன். ஒரு கொடி மாதிரி படத்த ஒரு அட்டைல வரைஞ்சேன், இன்னொரு அட்டைல அதையே இடவலமா பெரட்டி வரைஞ்சேன். ரெண்டும் ஒண்ணான்னு கேட்டேன். "ஒண்ணுதான்"ன்னா. சரி நல்லா பாருன்னேன். நல்லா பாத்துட்டு, "ஒண்ணுதான் மாமா, இது இப்டி பாக்குது, அது அப்டி பாக்குது"ன்னா. திண்ணைல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்த அம்மாச்சிகிட்ட அதே அட்டைய காட்டினேன். அம்மாச்சி தினமும் பேப்பர ஒரு வரி விடாம படிப்பாங்க, தமிழ் மட்டும்தான் தெரியும். அவங்களும் "ரெண்டும் ஒண்ணுதாண்டா தம்பி, இதுல என்ன கேள்வி"ன்னாங்க. அக்கா ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு "திரும்பியிருக்கு, ஆனா அதேதான்"னா.

ஒரே வீட்ல மூணு தலைமுறை ஒரே பதில் சொன்னா அத ஒரு பிள்ளையோட மூளைக் குறைன்னு எப்படி சொல்றது? அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, இத தமிழ் பேசறவங்ககிட்டயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஈவ் டான்சிகர், எரிக் பெடர்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1998ல ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க, அதுக்கப்புறம் 2003ல பெடர்சன் தமிழ்க்காரங்கள மட்டும் வச்சு இன்னொண்ணு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க, தமிழ் மட்டும் படிக்கறவங்க, தமிழோட ரோமன் எழுத்தும் படிக்கறவங்கன்னு மூணு வகை ஆளுங்க. ஒரு படத்தையும் அதோட கண்ணாடி வடிவத்தையும் வேற வேறன்னு பிரிச்சுப் பாக்கற பழக்கம் மூணாவது கூட்டத்துகிட்டதான் அதிகம், தமிழ் மட்டும் படிக்கறவங்க எழுத்து தெரியாதவங்க மாதிரியே ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கறாங்க. காரணம் அவங்க சொல்றது எழுத்து. இங்கிலீஷ்ல சின்ன பி (b) எழுத்த பெரட்டிப் போட்டா சின்ன டி (d) ஆயிடும், அங்க பிரிச்சுப் பாக்கலன்னா படிக்கவே முடியாது. தமிழ்ல எந்த எழுத்த அப்படி பெரட்டினாலும் இன்னொரு எழுத்து வராது. அதனால அந்த வித்தியாசத்த கவனிக்கணும்னு நம்ம கண்ணுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. வாழ்க்கைலயும் அது தேவப்படல, மேக்க பாத்து நின்னாலும் கிழக்க பாத்து நின்னாலும் அது நம்ம மாடுதான்.

பாப்பா ஸ்கூல்ல இங்கிலீஷும் படிக்கறா, அதனால அந்த ஆராய்ச்சி அப்படியே அவளுக்கு பொருந்தும்னு நான் சொல்லல. ஆனா அது எனக்கு ஒரு வழிய காட்டுச்சு. இது பிறவில வர்ற திறமை இல்ல, பழக்கம், பழக்கினா வரும். இந்த மாதிரி படத் தேர்வுகள்ல ரொம்ப பேர் போனது 1938ல இங்கிலாந்துல ஜான் ரேவன் வெளியிட்ட தேர்வு, மொழி தெரியலங்கறதுக்காக ஒருத்தரோட அறிவ குறைச்சு மதிப்பிடக் கூடாதுங்கறதுக்கு ரொம்ப உதவின தேர்வு அது. நவோதயாலயும் அந்த நியாயம்தான் வேலை செய்யுதுன்னு நான் நம்பறேன். 1986 கல்விக் கொள்கை வழியா நாடு பூரா வந்த ஸ்கூல் இது, குறைஞ்சது 75 சதவீத இடம் கிராமத்துப் பிள்ளைங்களுக்கு. டியூஷன் இல்லாத பிள்ளைக்கு படக் கேள்வி ஒரு கதவு. ஆனா படத்துல மொழி இல்லங்கறதால அதுல பழக்கம் இல்லன்னு ஆயிடாது, அந்தப் பழக்கத்த காசு குடுத்து வாங்க முடிஞ்சவன்தான் இப்ப முந்திப் போறான், அதான் எனக்கு ஆத்திரம்.

செப்டம்பர் பூரா நான் கண்ணாடிய வச்சு முயற்சி பண்ணேன். பீரோ கண்ணாடி முன்னாடி படத்த பிடிக்கறது, பக்கத்துல வரையறது, இதெல்லாம். கண்ணாடி இருக்கறப்ப சரியா வரைவா, எடுத்துட்டா பழையபடி. பிரச்சனை என்னன்னா கண்ணாடி அவளுக்காக வேலை செஞ்சு குடுத்துடுது, அவ மனசுக்குள்ள எதுவும் நடக்கல. இட பக்கம் வல பக்கம்னு சொல்லிக்குடுத்தா குழம்பினா, யாரோட இடம் யாரோட வலம்னு கேட்டா, நியாயமான கேள்வி.

திருப்பம் வந்தது தீபாவளிக்கு முன்னால, அக்காவோட தையல் மேசைல. அக்கா ஜாக்கெட் தைக்கறாங்க, தீபாவளி சீசன்ல ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் ஓடும். கைக்கு எப்பவும் துணிய மடிச்சுப் போட்டுத்தான் வெட்டுவாங்க, அப்பதான் ஒரு வெட்டுல இடது கை ஒண்ணு வலது கை ஒண்ணு வரும், ஏன்னா கையோட முன்பக்க வளைவு கொஞ்சம் ஆழம், பின்பக்கம் ஆழம் கம்மி. அன்னிக்கு துணி பத்தல, தூக்கக் கலக்கம் வேற, ஒத்தை துணில ஒண்ணு வெட்டிட்டு மீதித் துணில அதே மாதிரி வச்சு இன்னொண்ணு வெட்டிட்டாங்க. ரெண்டும் ஒரே கை. காலைல அக்கா தலைல கை வச்சு உக்காந்திருக்கறப்ப பாப்பா அந்த ரெண்டு துண்டையும் தரைல போட்டு சுத்தி சுத்தி வச்சுப் பாக்கறா. தலைகீழா வச்சா, குறுக்க வச்சா, வரல. அப்புறம் ஒண்ண அப்படியே பெரட்டிப் போட்டா, சரியா ஜோடி சேந்துச்சு, ஆனா பிரிண்ட் போட்ட துணி, உள்பக்கம் மேல வந்துடுச்சு. அப்ப சொன்னா: "மாமா, எவ்ளோ சுத்துனாலும் இது அந்தக் கை ஆகாது, பெரட்டினாதான் ஆகும்."

நான் ரெண்டு மாசமா சொல்ல முடியாம தவிச்ச வாக்கியம் அது. அன்னிலேந்து எங்களுக்கு ரெண்டே வார்த்தை, சுத்து, பெரட்டு. எந்தப் படத்தப் பாத்தாலும் முதல் கேள்வி இது சுத்துனதா பெரட்டினதா. இட வலத்த விட்டுட்டோம். அக்கா வெட்டுத் துண்டுலேந்து ஒரு டப்பா நிறைய கை வடிவம், கழுத்து வடிவம் சின்னதா வெட்டிக் குடுத்தாங்க, ஒரு பக்கம் பிரிண்ட் ஒரு பக்கம் மங்கல். ரெண்டு துண்ட ஏதோ ஒரு கோணத்துல தரைல போடுவேன், தொடாம சொல்லணும், அப்புறம் தொட்டு சரி பாக்கணும். மொதல்ல தொட்டுட்டு சொல்றது, ஒரு வாரம் கழிச்சு சொல்லிட்டு தொடறது, இந்த வரிசை முக்கியம். கோணம் அதிகமா இருந்தா அவளுக்கு நேரம் அதிகமா ஆச்சு, அது இயல்புதான், 1971லயே ஷெப்பர்ட், மெட்ஸ்லர்னு ரெண்டு பேரு அளந்து காட்டியிருக்காங்க, படம் எவ்ளோ டிகிரி திரும்பியிருக்கோ அவ்ளோக்கு அவ்ளோ விடை சொல்ல நேரம் கூடுது, மனசுக்குள்ள நெசமாவே சுத்திப் பாக்கற மாதிரி. அதனால மெதுவா சொல்றாளேன்னு அவசரப்படுத்தறத நிறுத்தினேன். ரொம்ப சாய்ஞ்ச படம்னா கேள்வித்தாளையே திருப்பிப் பாருன்னு சொன்னேன்.

காகிதம் மடிக்கற கேள்விய அதுவரைக்கும் தொடவே இல்ல, அது நல்லதா போச்சு. நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் மழைல ஸ்கூல் லீவு, நாலஞ்சு நாள் ரெண்டு பிள்ளைங்களும் வீட்டுக்குள்ளயே. பழைய நோட்டுத் தாள கிழிச்சு மடிச்சு கோணி ஊசில குத்தினோம். எண்ணிக்கை சீக்கிரம் பிடிபட்டுடுச்சு, ஒரு மடிப்புல ஒரு ஓட்டைன்னா 2, ரெண்டு மடிப்புன்னா 4, மடிப்பு அந்த இடத்துல மூடலன்னா எண்ணிக்கை அதிகமாகாது. பாப்பா எண்ணிக்கைய சரியா சொல்லுவா, இடத்த தப்பா சொல்லுவா. உக்காந்து பாத்தா, முதல்ல மடிச்சத முதல்ல பிரிக்கறா. நெசத் தாள்ல அது முடியவே முடியாது, கடைசியா மடிச்சத்தான் முதல்ல பிரிக்க முடியும், ஆனா படத்துல பாக்கறப்ப முதல் கட்டத்துலேந்து ஆரம்பிக்கறதுதான் கண்ணுக்கு வாகா இருக்கு. அத சரி பண்ணதும் பாக்கி எல்லாம் பெரட்டுதான், மடிப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற ஓட்டை அந்தப் பக்கம் பெரண்டு விழும். தையல் துண்டுல பெரட்டு வந்ததுக்கு அப்புறம் இது வந்ததால மூணு நாள்ல முடிஞ்சுது. இத மொதல்ல ஆரம்பிச்சிருந்தா ஓடியிருக்காது, அது எனக்கு நிச்சயம்.

விட்டுப்போன பகுதில ஒரு வினோதம். இது கோலம் போடற பொண்ணுக்கு தானா வரும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா சதுரத்துல ஒரு கால் பாகம் இல்லாத கேள்வில தொடர்ந்து ஒரே மாதிரி தப்பு, பெரட்டின பாகம் வேணும்னா சுத்தின பாகத்த எடுக்கறா. வாசல்ல அவ சிக்குக் கோலம் போடறத நின்னு பாத்தேன். ஒரு கால் பாகம் இழுக்கறா, எழுந்து கொஞ்சம் நகந்து உக்காந்து அதே மாதிரி இன்னொண்ணு இழுக்கறா, நாலு பக்கமும் சுத்தி வந்து முடிக்கறா. அவ கை பழகினது சுத்து. கோலம் அவளுக்கு பாதி உதவி, பாதி இடைஞ்சல். மார்கழி பொறந்ததும் காலைல தெருவுல நடந்து போயி ஒவ்வொரு வாசல்லயும் "இது சுத்துற கோலம், இது மடிக்கிற கோலம்"னு சொல்லிட்டு வருவா, பையன் பின்னாடியே போயி இல்லன்னு சண்டை போடுவான். அந்த மாசம் முடியறதுக்குள்ள அந்த வகைல நாலுக்கு நாலு வர ஆரம்பிச்சிடுச்சு.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். சதுரத்த முழுசாக்கறதுக்கு கல்யாணப் பத்திரிகை அட்டைய வெட்டி சேத்துப் பாத்தோம். மறைஞ்ச படத்துக்கு அக்காவோட ஆரி வேலைக்கு வாங்கற பட்டர் பேப்பர்ல சின்னப் படத்த வரைஞ்சு பெரிய படத்து மேல நகர்த்தினோம், சாய்க்காம, ஏன்னா நாங்க எடுத்த மாதிரித் தாள்கள்ல அது சாயாம அதே நிலைலதான் இருந்துச்சு. தொடருக்கு ஒரு சமயத்துல ஒரு பொருள மட்டும் பாக்கறது, புள்ளி எங்க நகருது, கோடு எத்தன, எது கருப்பாகுதுன்னு தனித்தனியா வாய்விட்டு சொல்றது. பையனுக்கு ஒரே விதி, பேனாவ கீழ வச்சிட்டு நாலு விடையையும் விரலால தொடணும், மூணு ஏன் இல்லங்கறதுக்கு மூணு காரணம் சொல்லணும், அப்புறம்தான் பேனா. மொத வாரம் அழுதுட்டான். நவம்பர்ல 40க்கு 29, நேரம் 45 நிமிஷம். தினமும் 25 நிமிஷத்துக்கு மேல படம் பாக்க விடல, அதுக்கு மேல போனா கண்ணு சோந்து தப்பு கூடறத நோட்டுலயே பாத்தேன்.

ஜனவரி முதல் வாரம் கடைசி மாதிரித் தேர்வு. படத்துல பாப்பா 34, பையன் 33. பாப்பாவோட 6 தப்புல பெரட்டு தப்பு ஒண்ணுதான்.

2025 ஜனவரி 18 சனிக்கிழமை தேர்வு, பொங்கல் முடிஞ்ச கையோட. வீட்டுக்கு வந்ததும் பாப்பா மிச்சமிருந்த கோலமாவ எடுத்து தரைல ரெண்டு படம் வரைஞ்சு காட்டினா, சந்தேகமா இருந்த கேள்விங்களாம். ஞாபகத்துலேந்து அப்படி வரைஞ்சதே எனக்கு பெருசா இருந்துச்சு. ஆகஸ்ட்ல படம் வராதுன்னு சொன்ன பொண்ணு.

மார்ச்ல ரிசல்ட். பையன் பேரு வந்துச்சு. பாப்பா பேரு வரல.

இங்கதான் என் தப்பு இருக்கு, அத மறைச்சா இந்த எழுத்துக்கு அர்த்தமே இல்ல. ஆகஸ்ட்ல கணக்குல 20க்கு 17 எடுத்தவ. கணக்கு பத்தி கவலையில்லன்னு நான் அஞ்சு மாசம் அந்தப் பக்கமே திரும்பல, இருக்கற நேரத்த பூரா படத்துல போட்டேன். அந்த கடைசி மாதிரித் தேர்வுல கணக்கு 13, நாலு கேள்வி தொடவே இல்ல, ஏன்னா படத்துக்கு 60 நிமிஷத்துக்குப் பதிலா 70 நிமிஷம் எடுத்துக்கிட்டா. அது என் நோட்டுலயே எழுதியிருக்கு, என் கையெழுத்துல. 34ங்கற நம்பர பாத்த சந்தோஷத்துல அந்த வரிய நான் தாண்டிட்டேன். மூணு பகுதிலயும் தனித்தனியா தகுதி மார்க் வேணும், மொத்தத்துலயும் முந்தணும். நெசத் தேர்வுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆனா மண்டபத்துலேந்து வெளில வந்து அவ சொன்ன மொத வார்த்தை "கணக்கு முடிக்கல மாமா".

ரெண்டு நாள் அழுதா. அக்கா என்ன ஒரு வார்த்த கூட சொல்லல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இந்த வருஷம் மூணு பேருக்கு நான் மாத்தி வச்சிருக்கறது இதுதான். மொத நாளே 40 கேள்வி எழுதி தப்பு நோட்டு போடறது அப்படியே இருக்கும். அதுல மார்க்குக்கு பக்கத்துல நிமிஷமும் எழுதணும், மூணு பகுதிக்கும். அக்டோபர் வரைக்கும் காத்திருக்காம மொத வாரமே தையல் துண்டு டப்பா வெளில வரும், பெரட்டு பிடிபட்டதும் ஓட்டை போடறது, அதுக்கப்புறம்தான் மத்த வகை. தினம் 20 நிமிஷம் கணக்கு, நல்லா வர்ற பிள்ளைக்கும். தேர்வு நெருங்கறப்ப வாரம் ஒரு தடவ முழு 80 கேள்வி, காலைல 11.30லேந்து 1.30 வரைக்கும், நெச நேரத்துலயே, பால் பாயின்ட் பேனாவுல வட்டம் நிரப்பி. படம் 60 நிமிஷம் ஆச்சுன்னா மிச்சத்துக்கு ஏதாவது ஒரு வட்டத்த நிரப்பிட்டு அடுத்ததுக்கு போயிடணும், நெகட்டிவ் இல்ல.

பாப்பா இப்ப பக்கத்து அரசு ஸ்கூல்ல ஆறாவது. சாயங்காலம் அந்த மூணு பேரும் வர்றப்ப அவளும் வந்து மேசைக்கு அடில உக்காந்துக்கறா. போன வாரம் சின்னப் பொண்ணு ஒண்ணு கொடி அட்டை ரெண்டையும் பாத்துட்டு "ரெண்டும் ஒண்ணுதான்க்கா"ன்னுச்சு. பாப்பா ஒண்ணும் சொல்லாம டப்பாவ திறந்து ரெண்டு கைத் துண்ட எடுத்து அது முன்னாடி வச்சா.